மாறுகண் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் இரண்டாகத் தெரிந்த வாரங்கள்

எனக்கு மாறுகண் உண்டு. ஆனால் எல்லா நேரமும் தெரியாது. காலையில் என்னைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு கண்ணும் நேராகத்தான் இருக்கும். சாயங்காலம் களைத்துப்போய், எதையோ யோசித்தபடி தூரத்தில் பார்க்கும்போது இடது கண் மட்டும் வெளிப்பக்கமாக விலகும். ஒரு முறை சிமிட்டினால் இடத்துக்கு வந்துவிடும். இப்படி விட்டு விட்டு வருகிற மாறுகண்ணோடு முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, போன வருடம்தான் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. இருந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்ட பாட்டில் பாதியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் வராமல் தடுத்திருக்கலாம். தேடிப் பார்த்தபோது தமிழில் என் கைக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சின்ன வயதில் முதலில் கவனித்தது அம்மாதான். வெயிலில் நிற்கும்போது நான் இடது கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொள்வேனாம். டாக்டரிடம் காட்டலாம் என்று அம்மா சொன்னபோது அப்பத்தா குறுக்கே நின்றுவிட்டார். "ராசியான கண்ணு, அதுல யாரும் கை வைக்காதீங்க" என்பது அவர் தீர்ப்பு. எங்கள் பக்கம், கரூரைச் சுற்றி, இன்றைக்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதே கண்ணுக்கு ஒன்றரைக் கண் என்று பெயர். வீட்டில் ராசி, வெளியில் கேலி, நடுவில் சிகிச்சை என்ற பேச்சே எழவில்லை. குழந்தைக்குக் கண் விலகுகிறது என்று தெரிந்தால், ராசி என்று எவ்வளவு பெரியவர் சொன்னாலும், கண் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். காட்டியதும் ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பல குழந்தைகளுக்குக் கண்ணாடியும் கண்காணிப்பும் போதும்.

ஒரு கண் வேறு பக்கம் பார்க்கும்போது எல்லாம் இரண்டாகத் தெரியாதா என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்ததில்லை. ஏன் என்று பின்னால்தான் புரிந்தது. சிறு வயதில் மூளை எளிதில் பழகிக்கொள்ளும். கண் விலகிய நேரத்தில் அந்தக் கண் அனுப்புகிற படத்தை மூளை எடுத்துக்கொள்ளாமல் ஒதுக்கிவிடுகிறது. கண் நேரானதும் மறுபடி இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. ஒரே நாளில் பல முறை இப்படி மாறி மாறி நடக்கும், நமக்கே தெரியாது. பெரியவர்களுக்குத் திடீரென்று மாறுகண் வந்தால் இந்த ஒதுக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லாததால் உடனே இரட்டையாகத் தெரியும். அப்படித் திடீரென்று வந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். நரம்பு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை என்று வேறு காரணம் இருக்கலாம்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கரும்பலகையிலிருந்து திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்க்கும் அந்தத் தூரத்தில்தான் என் கண் அதிகம் விலகும். ஒரு பையனைப் பார்த்துக் கேள்வி கேட்பேன், பக்கத்துப் பையன் எழுந்து நிற்பான். "யாரைக் கேக்கறீங்க மிஸ்?" என்று அவர்கள் கேட்பதில் கேலி இல்லை, நிஜமான சந்தேகம்தான். எனக்குத்தான் முகம் சுருங்கிவிடும். அப்புறம் பெயர் சொல்லியே கேட்கப் பழகிக்கொண்டேன். அழகு பற்றிய கவலை மட்டும் என்றால் அப்படியே விட்டிருப்பேன். முப்பதைத் தாண்டிய பிறகு விடைத்தாள் திருத்தும் நாட்களில் புருவத்துக்கு மேல் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணை நேராக வைத்திருக்க நாள் முழுக்க உள்ளே ஒரு உழைப்பு நடக்கிறது, அது முடியாமல் போகும்போது வலிக்கிறது. இது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் போன இடம் கண் பயிற்சி தருகிற ஒரு மையம். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, அதன் முனையைப் பார்த்தபடி மூக்கருகே கொண்டுவருவது, மணி கோத்த கயிற்றின் ஒரு முனையை மூக்கில் வைத்து ஒவ்வொரு மணியாகப் பார்ப்பது, கம்ப்யூட்டரில் சில விளையாட்டுகள். ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும் என்று சொல்லி ₹15,000 முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். ரசீது கூடக் கிடைக்கவில்லை. இந்தப் பயிற்சிகள் எல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணை உள்பக்கம் குவிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு, முறையான மேற்பார்வையில் செய்தால், நல்ல பலன் உண்டு என்று ஆய்வுகளே சொல்கின்றன. என் பிரச்சினை தூரத்தில் விலகுவது. அங்கே யாரும் என் கண்ணைத் தூரத்துக்கு அளந்து பார்க்கவே இல்லை. மாதக்கணக்கில் பென்சிலைப் பார்த்ததில் தலைவலி கொஞ்சமும் குறையவில்லை. பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள்: தூரத்திலும் கிட்டத்திலும் என் கண் எவ்வளவு விலகுகிறது, அதை எழுத்தில் தருவீர்களா? இந்தப் பயிற்சி அதில் எதற்கு? பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

கடைசியில் கோயம்புத்தூரில் மாறுகண்ணுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிற ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அந்த ஒரு பரிசோதனை நாளில் தெரிந்துகொண்டது, அதுவரை தெரிந்ததை எல்லாம் விட அதிகம். முதலில் கண்ணாடி பவரைச் சரிபார்த்தார்கள். பவர் சரியில்லாவிட்டாலே கண் விலகக்கூடும் என்பதால் அது முதல் வேலை. பிறகு ஒரு கண்ணை மறைத்து, மாற்றி மறைத்து, எதிரே பிரிசம் என்கிற, ஒளியை வளைத்துக் காட்டும் கண்ணாடித் துண்டுகளை வைத்து அளந்தார்கள். விலகலின் அளவையும் பிரிசம் என்றே சொல்கிறார்கள். தூரத்துக்கு 30 பிரிசம், கிட்டத்துக்கு 14. அப்புறம் இடது கண்ணில் பேட்ச் ஒட்டி ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். எடுத்த உடனே, இரண்டு கண்ணையும் சேர்ந்து பார்க்க விடாமல் மறுபடி அளந்தபோது கிட்டத்துக்கே 25 வந்தது. இத்தனை நாளாக மூளை இழுத்துப் பிடித்து மறைத்துவைத்திருந்த விலகல் அந்த ஒரு மணி நேர ஓய்வில் வெளியே வந்துவிட்டது. ஆபரேஷன் கணக்குப் போடுவதற்கு இந்த அளவு முக்கியம். உங்களுக்கு விட்டு விட்டு வருகிற விலகல் என்றால் பேட்ச் ஒட்டி அளந்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நாம் உஷாராகிவிடுவோம், கண்ணும் நேராகிவிடும். இரவு நேரத்தில், களைப்பில் இருக்கும்போது வீட்டில் யாரையாவது போனில் படம் எடுக்கச் சொல்லி எடுத்துப் போங்கள். என் தங்கை கல்யாண ஆல்பத்தில் விழுந்த ஒரு படமே எனக்கு உதவியது.

அதே அறையில் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஒரு பெரிய ஈயின் படத்தைக் கையில் கொடுத்து இறக்கையைப் பிடிக்கச் சொன்னார்கள். தாளுக்கு மேலே, காற்றில், என் விரல்கள் இறக்கையைப் பிடிக்கப் போயின. அங்கே இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்வதைப் பரிசோதிக்கிற ஆர்த்தாப்டிஸ்ட் பெண்ணின் முகம் மலர்ந்தது. கிட்டத்தில் என் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறது, ஆழம் தெரிகிறது என்பதற்கு அதுதான் சாட்சியாம். எப்போதாவது மட்டும் விலகுகிற கண்ணில் இருக்கிற பெரிய நன்மை இது. நாளின் சில மணி நேரமாவது இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதால் மூளை அந்தத் திறனை முழுக்க இழந்துவிடுவதில்லை. 1965இல் ஹியூபெல், வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் கண் தசையை வெட்டி எப்போதும் வெளிவிலகலாக இருக்கச் செய்து பார்த்தார்கள். மூளையில் இரண்டு கண்ணுக்கும் பொதுவாக வேலை செய்கிற செல்கள் பெரும்பாலும் இல்லாமலே போயிருந்தன. பார்வையைப் பற்றிய அவர்களுடைய ஆராய்ச்சிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. எப்போதும் விலகியே இருக்கும் குழந்தைகளை ஏன் காத்திருக்கவைக்கக் கூடாது என்பது இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது.

ஆபரேஷன் என்று முடிவானதும் எனக்கு வந்த முதல் அதிர்ச்சி, இரண்டு கண்ணிலும் செய்ய வேண்டும் என்றது. "இடது கண்தானே மேடம் ஓடுது, நல்லா இருக்கிற வலது கண்ணை ஏன் தொடணும்?" என்று கேட்டேன். விலகல் என்பது இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள கோணம், மூளை எப்போதும் இரண்டு கண்ணுக்கும் ஒரே கட்டளையைத்தான் அனுப்புகிறது, அதனால் திருத்தத்தையும் இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறோம் என்று டாக்டர் படம் போட்டுச் சொன்னார். வெளிப்பக்கத் தசையைப் பிரித்து, எனக்கு 7 மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைப்பார்கள். ஒரே கண்ணில் ஒரு தசையைத் தள்ளி, இன்னொன்றைச் சுருக்கித் தைக்கிற முறையும் உண்டு. குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2019இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் மூன்று வருடம் கழித்துக் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. எங்கள் ஊரில் எல்லோரும் பயமுறுத்துகிற மாதிரி கண்ணை வெளியே எடுத்து வைப்பதில்லை. கண் அதன் குழியிலேயே இருக்கும், உள்ளே ஊசி போகாது, வெள்ளை விழிக்கு மேலே இருக்கிற மெல்லிய சவ்வைத் திறந்து தசையைத் தொடுகிறார்கள், அவ்வளவுதான்.

செலவு மருந்தோடு சேர்த்து ₹62,000 ஆனது. என்னிடம் பள்ளி மூலமாக எடுத்த மருத்துவக் காப்பீடு இருந்தது. அழகுக்காகச் செய்யும் சிகிச்சை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தலைவலியோடு விடைத்தாள் திருத்துகிறவளுக்கு இது அழகுப் பிரச்சினையா? நீங்கள் செய்ய வேண்டியது: ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். அதில் பிரிசம் அளவு, தூரப் பார்வையில் ஆழ உணர்வு குறைந்திருப்பது, தலைவலி, இரு கண் பார்வையைக் காப்பாற்றுவதற்கான சிகிச்சை இது என்பது எல்லாம் எழுதியிருக்க வேண்டும். மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுபடி மறுத்தாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் மருத்துவமனையிலேயே உள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். விழித்தபோது கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், வலி தாங்கக்கூடியதுதான். கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. தையல் தானாகக் கரையும், சிவப்பு போகச் சில வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் பயப்படவில்லை. மறுநாள் காலை கட்டை அவிழ்த்ததும் எதிரே நின்ற அம்மா இரண்டு பேராகத் தெரிந்தார். பக்கம் பக்கமாக, ஒரே புடவையில். "சாமி, தெரியுதா?" என்று இரண்டு அம்மாவும் கேட்டார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து இரட்டையாகவே பார்க்காதவள் நான். வார்டில் கேட்டதற்கு "அது சரியாயிரும், ரிவ்யூவில டாக்டர்கிட்டக் கேளுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. ஸ்விட்சைப் போடப் போனால் சுவரில் கை படும். படியில் இறங்கக் கைப்பிடி வேண்டும். சாலையைக் கடக்க வலது பக்கம் திரும்பினால் இரண்டு பஸ் சேர்ந்து வரும். பக்கவாட்டில் பார்க்கும்போது இரட்டை இன்னும் அகலும். ஸ்கூட்டியைத் தொட முடியவில்லை. பஸ்ஸில் போகப் பயமாக இருந்ததால் கோயம்புத்தூருக்குக் காரில் போக வர ₹4,000. பள்ளியில் சம்பளமில்லாத விடுப்பு, அதில் ஒரு மாதச் சம்பளம் ₹22,000 போனது. பணம் கூடப் பரவாயில்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, நன்றாக இருந்த பார்வையைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டேனோ என்று நினைத்து அழுதிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தாங்கமாட்டார்.

ரிவ்யூவில் டாக்டர் சொன்ன விளக்கத்தை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த இரவுகள் இருந்திருக்காது. வெளிவிலகல் உள்ள கண் காலப்போக்கில் மறுபடி வெளியே நகரப் பார்க்கும். அதனால் வேண்டுமென்றே கண்ணைச் சிறிது உள்பக்கமாக நிறுத்துவார்கள். எனக்கு 8 பிரிசம் உள்ளே இருந்தது. இதுவரை கண் வெளியே விலகியபோதெல்லாம் படம் விழித்திரையின் காதுப் பக்கத்துப் பகுதியில் விழுந்தது, அந்தப் பகுதியின் படத்தை ஒதுக்க மூளை பழகியிருந்தது. இப்போது கண் உள்ளே திரும்பியிருப்பதால் படம் மூக்குப் பக்கத்துப் பகுதியில் விழுகிறது. அந்தப் பக்கத்தை ஒதுக்க மூளைக்குப் பழக்கமே இல்லை, அதனால் இரண்டாகத் தெரிகிறது. அந்த இரட்டைதான் இரண்டு படத்தையும் ஒன்றுசேர்க்கச் சொல்லி மூளையைத் தூண்டுகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் கண்ணாடியில் ஒட்டுகிற பிரிசம், தேவைப்பட்டால் மறு ஆபரேஷன் என்று வழிகள் உண்டு. பெரியவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே பிரிசத்தை வைத்து, கண் நேரானால் இரட்டை தெரியுமா என்று பார்த்துக்கொள்ளவும் முடியும். தையலை மறுநாள் விழித்திருக்கும்போதே இறுக்கித் தளர்த்தித் திருத்துகிற முறையும் சில இடங்களில் இருக்கிறது. இந்த இரண்டையும் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

அதற்குப் பிறகு என் பயத்துக்கு ஒரு கணக்குக் கிடைத்தது. ஒரு பிரிசம் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் விலகல். கட்டிலிலிருந்து எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் மூன்று மீட்டர். அப்படியானால் இரண்டு காலண்டருக்கும் நடுவே 24 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பார்த்தேன், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளித்தான் இரண்டாவது காலண்டர் நின்றது. தினமும் காலையில் அதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு சாண் நான்கு விரலாகக் குறைந்தது. பிறகு இரண்டு காலண்டரும் ஒன்றின் மேல் ஒன்று ஏறின, தேதி எண் மட்டும் நிழலோடு தெரிந்தது. கையில் பிடித்த புத்தகம் முதலில் ஒன்றானது, அப்புறம் சமையல் மேடை, அப்புறம் வாசல், கடைசியாகத் தெருமுனை. பக்கவாட்டுப் பார்வைதான் சரியாக ரொம்ப நாள் பிடித்தது. தொல்லை தாங்காமல் ஒரு கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். அடுப்படி, மாடிப்படி என்று ஆபத்தான வேலைக்கு மூடலாம், மற்ற நேரம் இரண்டு கண்ணையும் திறந்தே வையுங்கள், சேரப் பழகட்டும் என்றார் எங்கள் டாக்டர். உங்கள் டாக்டர் சொல்வது வேறாக இருக்கலாம், கேட்டுச் செய்யுங்கள். இரட்டை முழுக்க அடங்கும்வரை வண்டி ஓட்டவே வேண்டாம். வலி கூடிக்கொண்டே போனால், பார்வை மங்கினால், சீழ் வந்தால், கண் ஒரு பக்கம் திரும்பவே மறுத்தால் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

கரும்பலகை முன்னால் நின்று வேலை பார்ப்பவர்கள், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் ஒரு மாதமாவது விடுப்புக்கு வழி செய்துகொண்டு ஆபரேஷன் தேதி குறியுங்கள். மே விடுமுறையில் வைத்திருந்தால் என் சம்பளம் தப்பியிருக்கும். இப்போது என் கண் பெரும்பாலும் நேராக இருக்கிறது. நான் பார்க்கிற பையன்தான் எழுந்து நிற்கிறான். காய்ச்சல் வந்த வாரத்தில் கொஞ்சம் விலகியது. வருடங்கள் போகப்போக மறுபடி வெளியே வரலாம், சிலருக்கு இரண்டாவது ஆபரேஷனும் தேவைப்படும் என்று சொல்லிவிட்டார்கள். இடப் பக்கம் பார்வையின் அகலம் கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. கேட்டபோது, விலகிய கண் வெளிப்பக்கத்தையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது, நேரானதும் அந்த உபரி போய்விட்டது, சிலர் இதை உணர்வார்கள் என்றார்கள்.

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தைக்கும் இதே விலகல். அவள் அம்மா என்னைத் தேடி வந்து கேட்டார். அந்த வயதில் பல குழந்தைகளுக்கு அவசரப்பட வேண்டியதில்லை என்று சொன்னேன். மைனஸ் பவரைக் கூட்டிக் கண்ணாடி தருகிற முறையில், போட்டிருக்கும்வரை கண்ணை விலகாமல் பிடித்துவைக்கும் கட்டுப்பாடு கூடுகிறது, நிறுத்தினால் அந்தப் பலன் நீடிப்பதில்லை, கிட்டப்பார்வையும் அதிகமாகலாம் என்று ஆய்வில் தெரிந்ததையும் சொன்னேன். ஆபரேஷன் செய்து கண் உள்ளே நின்றுவிட்டால், சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் கண்ணின் பார்வையே சோம்பிப்போகக்கூடும், அதனால் ரிவ்யூ ஒன்றைக்கூட விடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "அப்ப ஆபரேஷன் வேண்டாங்கறீங்களா மிஸ்?" என்றார். வேண்டும் வேண்டாம் என்பதை நான் சொல்ல முடியாது என்றேன். இப்போது அளந்து எழுதி வாங்குங்கள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் விலகுகிறது என்று வீட்டில் குறித்துவையுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். விலகும் நேரம் கூடிக்கொண்டே போனாலோ, ஈயின் இறக்கையைக் காற்றில் பிடிக்க வராமல் போனாலோ அப்போது டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்லி, என் பரிசோதனைச் சீட்டின் நகல் ஒன்றையும் கொடுத்தனுப்பினேன், எந்தெந்த அளவு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளட்டும்.